தான்சானியாவிடம் டீ கேட்டவள்

இந்தியாவுக்கும் தான்சானியாவுக்கும் இடையே இருந்த நல்லுறவை ஏறத்தாழ இருபது மணி நேரம் தனி ஆளாகக் கெடுத்து வைத்திருந்தவள் நான். இது எந்தப் பேப்பரிலும் வரவில்லை. இரண்டு அரசாங்கங்களுக்கும் தெரியுமா என்பதே சந்தேகம்தான். ஆனால் ஓசூர் தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி இருக்கும் குறுக்குத் தெருவில் நின்று "தான்சானியா செல்வி" என்று கேட்டுப் பாருங்கள், இன்றைக்கும் யாராவது கை காட்டுவார்கள். (நான் தான்சானியா போனதே இல்லை. பாஸ்போர்ட்டே கிடையாது.)

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. கோவில்பட்டியில் பி.காம். முடித்துவிட்டு, ஓசூரில் வேலை என்றால் பெங்களூரில் வேலை மாதிரிதான் என்று தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்திருந்தேன். வேலை கிடைத்தது பைக்குக்குக் கேரியர், சைடு ஸ்டாண்டு, ஃபுட்ரெஸ்ட் எல்லாம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில். மொத்தமே ஐம்பது பேர். என் பதவியின் பெயர் எக்ஸ்போர்ட் எக்ஸிகியூட்டிவ். அந்தக் கம்பெனி அதுவரை தமிழ்நாட்டைத் தாண்டி அனுப்பியிருந்த ஒரே சரக்கு, எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளிக்குப் போன நாற்பது சைடு ஸ்டாண்டுகள். (பெயிண்ட் சரியில்லை என்று அதுவும் திரும்பி வந்துவிட்டது.)

ஓனர் பெயர் வெங்கடேசப்பா. ஓசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தெலுங்கு, மார்க்கெட்டில் கன்னடம், கம்பெனியில் தமிழ், பேங்க் மேனேஜரிடம் இந்தி. கோபம் வந்தால் நாலும் ஒரே வாக்கியத்தில் வரும். நல்ல மனிதர். அந்த வருஷம் அவருக்குக் கோபம் அடிக்கடி வந்தது. நாங்கள் யாருக்குக் கேரியர் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோமோ அந்தப் பெரிய கம்பெனி ஆர்டரைப் பாதியாகக் குறைத்துவிட்டது. இப்படியே போனால் அடுத்த மாதத்திலிருந்து இரண்டாவது ஷிப்டை நிறுத்திவிட வேண்டியதுதான் என்று ஓனர் ஒரு நாள் எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இரண்டாவது ஷிப்ட் என்றால் இருபத்திரண்டு பேர். மதியம் மூன்றரைக்கு உள்ளே வருகிறவர்கள். பாதிப் பேர் என்னைப் போலத் தெற்கிலிருந்து பெட்டியோடு வந்தவர்கள். நிறுத்தினால் பெட்டியோடு திரும்ப வேண்டியவர்கள்.

அந்த நேரத்தில்தான் தான்சானியா வந்தது. அங்கே பைக்கைத்தான் டாக்ஸியாக ஓட்டுகிறார்கள். நம் ஊர்ப் பக்கம் செய்கிற பைக்குகள் அங்கே நிறைய ஓடுகின்றன. ஒரு பைக்கில் இரண்டு பேர், ஒரு மூட்டை, மூட்டையின் மேல் இரண்டு கோழி என்று ஏற்றுவதால் பின்பக்கக் கேரியர் சீக்கிரம் முறிந்துவிடுகிறதாம். உறுதியான கேரியர் யார் செய்கிறார்கள் என்று பார்க்க, தூதரகத்தின் வர்த்தகப் பிரிவிலிருந்து ஓர் அதிகாரியும், அங்கே உதிரிபாகம் இறக்குமதி செய்கிற ஒருவரும் பெங்களூருக்கும் ஓசூருக்கும் வருகிறார்கள். பார்க்கப்போகும் கம்பெனிகளின் பட்டியலில் கடைசிக்கு முந்தியதாக எங்கள் பெயர் இருந்தது. இந்த ஆர்டர் வந்தால் இரண்டாவது ஷிப்ட் தப்பும், வராவிட்டால் தப்பாது. விஷயம் அவ்வளவுதான்.

"அவுங்க பாஷை யாருக்காச்சும் தெரியுமா?" என்று ஓனர் சும்மா பேச்சுக்குக் கேட்டார்.

"நான் கத்துக்கிடுதேன் சார்," என்றேன்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. வருகிறவர்கள் என்னைவிட நன்றாக இங்கிலீஷ் பேசுவார்கள் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனால் நான் ஒன்றை முடிவு செய்துவிட்டால் அதை என் அம்மாவாலேயே மாற்ற முடியாது. (அக்கவுண்டன்சியில் மூன்று தடவை ஃபெயிலாகி நாலாவது தடவை பாஸானது இந்தப் பிடிவாதத்தால்தான். அறிவால் அல்ல.) அன்று சாயங்காலமே போனில் ஓர் ஆப்பை இறக்கி ஸ்வாஹிலி படிக்க ஆரம்பித்தேன்.

வாடகை குறைவு என்று நான் கெலமங்கலத்தில் ரூம் எடுத்திருந்தேன். காலையும் மாலையும் டவுன் பஸ்ஸில் போகும்போது காதில் இயர்போன் வைத்துக்கொண்டு சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். கீரைக்கட்டோடு பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அக்கா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள், எவனாக இருந்தாலும் இத்தனை திட்டுத் திட்டினால் போதும், விட்டுவிடு என்று தெலுங்கில் புத்தி சொன்னார்.

பாஷை என்னவோ எனக்காகவே செய்து வைத்த மாதிரி இருந்தது. பணத்துக்குப் பேசா. வண்டிக்குக் காரி. கடைக்குத் தூக்கா. சப்பாத்திக்குச் சப்பாத்தி. நன்றிக்கு அசந்தே. (அசந்தே போய்விட்டேன் என்று ஞாபகம் வைத்துக்கொண்டேன்.) பைக்குக்குப் பிக்கிபிக்கி. டீக்குச் சாய். இது பாஷையே இல்லை, ஓசூர் பஸ் ஸ்டாண்டு என்று நினைத்தேன். பத்து நாளில் எனக்கு நாற்பது வார்த்தை தெரிந்தது. நாற்பது வார்த்தை தெரிந்தவளைப் போல ஆபத்தானவள் யாரும் கிடையாது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் கேட் பாஸ் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பேட்டையில் எந்தக் கம்பெனிக்குள் யார் வந்தாலும் கேட்டில் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். வந்தவர் யாரைப் பார்த்தாரோ அவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாத சீட்டோடு போனால் செக்யூரிட்டி வெளியே விடமாட்டார். எங்கள் கம்பெனியில் இதை உபசாரத்துக்குப் பயன்படுத்துவது வழக்கம். மெஷின் ரிப்பேருக்கு வந்தவர், ஆடிட்டர் ஆபீஸ் பெண், யாராக இருந்தாலும் கிளம்பும்போது சீட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, "டீ குடிச்சாத்தான் கையெழுத்து" என்போம். அவர்களும் பொய்யாகச் சலித்துக்கொண்டு உட்காருவார்கள். இதை ஸ்வாஹிலியில் சொன்னால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து நானே கோத்தேன். "லேத்தா சாய். பிலா சாய், ஹகூனா சைனி." டீ கொண்டுவருகிறேன், டீ இல்லாமல் கையெழுத்து இல்லை. (லேத்தா என்றால் 'கொண்டுவருகிறேன்' இல்லை, 'கொண்டுவா' என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் நடந்ததில் இது சின்னத் தப்பு.)

அவர்கள் காலை பதினோரு மணிக்கு வருவதாக இருந்து பன்னிரண்டுக்கு வந்தார்கள். அதிகாரியின் பெயர் நீமா. ஐம்பது வயசிருக்கும். மஞ்சளில் பெரிய பெரிய பூப்போட்ட உடை, தடித்த கண்ணாடி, கையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். இறக்குமதியாளர் பெயர் ஜுமா. நல்ல உயரம். எதைப் பார்த்தாலும் வெல்டிங் வைத்த இடத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்ப்பார். கேட்டில் எங்கள் செக்யூரிட்டி மாதையன் அண்ணன் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து, சீட்டு எழுதி, கார் டிக்கியைத் திறக்கச் சொன்னார். தர்மபுரிக்காரர், பட்டாளத்தில் இருந்தவர். தூதரகமாவது ஒன்றாவது, டிக்கி டிக்கிதான் அவருக்கு.

அவர்கள் ஊரில் பெரிய பெண்களை மரியாதையாக மாமா என்று கூப்பிட வேண்டும், அண்ணன் வயது ஆண்களைக் காக்கா என்று கூப்பிட வேண்டும். படித்திருந்தேன் அல்லவா? வாருங்கள் என்பதற்குக் கரிபு. கையைக் கூப்பி, "கரிபு மாமா நீமா. கரிபு காக்கா ஜுமா," என்றேன். அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஓனர் மட்டும் காக்கா எங்கே என்று ஷெட் கூரையைப் பார்த்தார். மாதையன் அண்ணன் என் பக்கத்தில் வந்து, "ஏம்மா, பொம்பளையப் போயி மாமாங்கறியே, அவுங்க மனசு நோவாதா?" என்று கவலையாகக் கேட்டார்.

உள்ளே எல்லாம் பிரமாதமாக நடந்தது. எங்கள் கேரியர் எவ்வளவு எடை தாங்கும் என்று ஜுமா கேட்டார். ஓனர் பதில் சொல்லாமல், பைக்கில் மாட்டிய கேரியரின் மேல் மாதையன் அண்ணனை உட்காரச் சொன்னார். பிறகு அவர் மடியில் ஒருவரை, அவர் மடியில் இன்னொருவரை. கேரியர் அசையவில்லை. பைக்தான் கொஞ்சம் முனகியது. ஜுமா சிரித்துக்கொண்டே தானும் ஏறிப் பார்த்தார். இறங்கியதும் நீமா அம்மாவிடம் கடகடவென்று ஏதோ சொன்னார். அதில் பிக்கிபிக்கி என்ற ஒரு வார்த்தை எனக்குப் புரிந்தது. ஓனர் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே "ஆச்சு" என்றார். எனக்கு அந்தப் பெட்டிகளெல்லாம் திரும்ப ரூமுக்குள் போகிற மாதிரி இருந்தது.

டீ மட்டும் வரவில்லை. அன்றைக்குப் பார்த்துக் கேன்டீனில் கேஸ் தீர்ந்துவிட்டது. மேம்பாலத்துக்குப் பக்கத்துக் கடையில் ஃபிளாஸ்க்கில் வாங்கி வரச் சொல்லி சுந்தரத்தை அனுப்பியிருந்தோம். திண்டுக்கல்காரர், இரண்டாவது ஷிப்டில் கிரைண்டிங் மெஷின் ஓட்டுபவர், ஏதாவது உதவி தேவைப்படும் என்று சீக்கிரமே வந்திருந்தார். (இப்போது அவர் என் கணவர். அப்போது வெறும் சுந்தரம். நாங்கள் அதுவரை பேசியதெல்லாம் ஓவர்டைம் பற்றித்தான்.) போன மனிதரை மேம்பாலத்து டிராஃபிக் பிடித்துக்கொண்டது.

நீமா அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணிக்கு அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் இன்னொரு கம்பெனியைப் பார்க்க வேண்டும், கிளம்புகிறோம் என்றார். ஓனர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"செல்வி, நான் உள்ள போயி சாம்பிள் கேரியரை நல்லா பேக் பண்ணி எடுத்தாறேன். அவுங்க டீ குடிக்காம வெளியே போவக்கூடாது. அந்தப் பக்கத்துக் கம்பெனிக்காரன் சாப்பாடே போடுவான். நம்ம வூட்ல பச்சத்தண்ணி கூடக் குடிக்கலன்னா நாளைக்கு நம்ம ஞாபகமே வராது. எப்பிடியாச்சும் புடிச்சி வை."

பிடித்து வை என்று அவர் சொன்னது உபசாரமாக. நான் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டேன். கேட்டுக்கு ஓடினேன். மாதையன் அண்ணன் காரின் முன்னால் நின்றுகொண்டு கையெழுத்து இல்லாத சீட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டேன். பேனாவையும் எடுத்து, மூடியைக் கழற்றாமல், அந்த அம்மாவின் கண்ணுக்கு நேராக ஆட்டிக்காட்டினேன். சிரித்தேன். பத்து நாள் பஸ்ஸில் சொல்லிப் பார்த்ததைச் சுத்தமாகச் சொன்னேன்.

"மாமா நீமா, லேத்தா சாய். பிலா சாய், ஹகூனா சைனி."

நீமா அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. ஜுமா காரிலிருந்து பாதி இறங்கியவர் அப்படியே நின்றார். என் உச்சரிப்பைக் கேட்டு அசந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஹவ் மச்?" என்றார் நீமா அம்மா, மெல்லிய குரலில்.

எவ்வளவு என்றால் என்ன, டீயின் அளவுதானே? "ஃபுல், மேடம்," என்றேன் பெருமையாக. "ஓனர் ஹாஃப். செக்யூரிட்டி ஃபுல். ஃபார் மீ, டபுள்."

"செக்யூரிட்டி ஆல்ஸோ?"

"செக்யூரிட்டி ஆல்ஸோ வில் டேக், மேடம். எவ்ரிபடி வில் டேக். வித்தவுட் டேக்கிங், நோ வொர்க் இன் அவர் கம்பெனி."

அந்த அம்மா நோட்டுப் புத்தகத்தைத் திறந்து எழுத ஆரம்பித்தார். செக்யூரிட்டியின் பெயர் என்ன என்று கேட்டார். நன்றிக் கடிதம் எழுதுவதற்காக இருக்கும் என்று நினைத்து, மாதையன் என்பதை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். மாதையன் அண்ணன் அட்டென்ஷனில் நின்றார். என் பெயரையும் கேட்டார். இனிஷியலோடு சொன்னேன். இது உன் முதலாளிக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியுமாவது, அவர்தான் சொல்லி அனுப்பினார் என்றேன்.

அதற்குள் ஓனர் சாம்பிள் கேரியரை ஜிகினாப் பேப்பரில் சுற்றி, மாலை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்துவிட்டார். நீமா அம்மா அவரிடம் நேராகவே கேட்டார். இந்தப் பெண் சாய் இல்லாமல் எங்களை வெளியே விட முடியாது என்கிறாளே, நீங்கள் சொல்லித்தானா?

ஓனருக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் வரும். சாய் என்பது காதில் விழுந்தது. முகமெல்லாம் பல்லாக, "யெஸ் மேடம். கம்பல்சரி. எவ்ரி விசிட்டர்," என்றார்.

நீமா அம்மா நோட்டை மூடினார். "ப்ளீஸ் ஓப்பன் தி கேட்," என்றார். சத்தம் போடவில்லை. அந்தக் குரலில்தான் ஓனருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. என் கையிலிருந்து சீட்டைப் பிடுங்கி அவரே கையெழுத்துப் போட்டார். ஜுமா ஜிகினாக் கேரியரை வாங்கிக்கொள்ளவில்லை. கார் போய்விட்டது. இரண்டு நிமிஷம் கழித்து சுந்தரம் மொபட்டில் வந்து இறங்கி, டீ சூடாக இருக்கிறது, விருந்தாளி எங்கே என்று கேட்டார்.

நாலு மணிக்கு மெயில் வந்தது. இரண்டாவது ஷிப்ட் உள்ளே போய் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. உங்கள் தயாரிப்பின் தரம் திருப்தியாக இருந்தது, ஆனால் வாசலில் எங்களை நிறுத்தி உங்கள் ஊழியர் வெளிப்படையாகச் சாய் கேட்டதையும் அதை நீங்களே உறுதி செய்ததையும் எங்களால் ஏற்க முடியாது, உங்கள் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குகிறோம் என்று இருந்தது. நான் வாசித்து அர்த்தம் சொன்னேன்.

"டீ குடிங்கன்னு சொன்னா தப்பா?" ஓனருக்குத் தெலுங்கு வந்தது, பின்னாலேயே கன்னடம் வந்தது. "அவுங்க ஊர்ல டீ குடிக்க மாட்டாங்களா?"

போனை எடுத்து அந்த வார்த்தையைத் தேடினேன். ஆப்பில் இல்லை. ஓர் அகராதியில் இருந்தது. சாய்: ஒன்று, தேநீர். இரண்டு, காலைச் சிற்றுண்டி. அதுவரை நல்லதுதான். விரலால் தள்ளினேன். மூன்று, பேச்சு வழக்கில், வேலை முடித்துக் கொடுக்க வாங்கும் லஞ்சம்.

நான் செய்ததை மூன்றாவது அர்த்தத்தை வைத்து மறுபடி ஓட்டிப் பார்த்தேன். சீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, பேனாவை ஆட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, அவர்கள் பாஷையிலேயே, கொண்டுவா, கொடுக்காவிட்டால் கையெழுத்து இல்லை. எவ்வளவு என்று கேட்டதற்கு ஆளாளுக்குப் பங்கு. முதலாளிக்குப் பாதி, எனக்கு இரண்டு மடங்கு.

ஓனரிடம் சொன்னேன். அவர் ஜிகினாக் கேரியரை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "நம்மூர்லயும் அதானம்மா. டீ செலவுக்கு எதுனா குடுங்கன்னு கேக்கறவன் டீயா வாங்கிக் குடிக்கறான்?" என்றார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "வுடு. சனிக்கெழமை ஷிப்ட்காரங்ககிட்ட நானே சொல்லிடறேன்," என்று எழுந்து போனார். நான் ஸ்டோர் ரூமில் கேரியர் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். அவமானத்தில் பாதிதான் அழுகை. மீதிப் பாதி, அந்த இருபத்திரண்டு பேரில் ஒருவரும் என்னை எதுவும் கேட்கப் போவதில்லை என்பது தெரிந்ததால்.

அழுது முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அந்த அம்மாவின் மேல் இல்லை, மூன்றாவது அர்த்தத்தின் மேல். நான் கேட்டது ஒன்றாவது அர்த்தம். அதை அந்த அம்மாவுக்குப் புரியவைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். மெயில் அனுப்பினால் சால்ஜாப்பு மாதிரி இருக்கும். பயணத் திட்டத்தில் அவர்கள் தங்கும் பெங்களூர் ஹோட்டல் பெயர் இருந்தது, மறுநாள் காலை ஒன்பதுக்கு ஏர்போர்ட் கிளம்புவதும் இருந்தது. சுந்தரத்திடம், காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். "பஸ்ல போனா ஃபிளாஸ்க் கவுந்துருங்க. நான் வண்டில கொண்டாந்து விடுறேன்," என்றார். ஃபிளாஸ்க் எடுத்துக்கொண்டு போகப்போகிறேன் என்று நான் சொல்லவே இல்லை. அவராகவே புரிந்துகொண்டார். (அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.)

காலையில் அதே கடையில் டீ வாங்கிக்கொண்டு கிளம்பினோம். அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் லாரிகளுக்கு நடுவே ஃபிளாஸ்க்கைப் பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டு மணிக்கு ஹோட்டல் வாசலுக்குப் போய்விட்டோம். அங்கே ஒரு காவலாளி. வெளியிலிருந்து சாப்பிடுவதோ குடிப்பதோ உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றார். எனக்குத் தெரிந்த கன்னடத்தில், "டீ கொடோக்கே பந்தே," டீ கொடுக்க வந்தேன் என்றேன். அவர் என் ஃபிளாஸ்க்கைப் பார்த்து, பின்னால் தெரிந்த பத்து மாடிக் கட்டடத்தைப் பார்த்து, "ஒளகே டீ இதே, மேடம்," என்றார். உள்ளேயே டீ இருக்கிறதாம். வாசலிலேயே நிற்பேன் என்றேன். நிற்பதைத் தடுக்க அவரிடம் சட்டம் இருக்கவில்லை.

அவர்கள் பெட்டியோடு வெளியே வந்தபோது நீமா அம்மா என்னைப் பார்த்துவிட்டார். முகம் இறுகியது. இவள் பெங்களூர் வரைக்கும் வசூலுக்கு வந்துவிட்டாளே என்றுதான் நினைத்திருப்பார். பாதி வழி வரை மனப்பாடம் செய்து வந்திருந்த இங்கிலீஷ் எல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. ஃபிளாஸ்க்கைத் திறந்தேன். பேப்பர் கப்பில் ஊற்றினேன். கப்பை இரண்டு கையாலும் நீட்டினேன்.

"மேடம், ஐ ஆஸ்க்ட் திஸ். ஒன்லி திஸ்."

டீயிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. ஜுமா குனிந்து கப்புக்குள் பார்த்தார். நீமா அம்மா கைப்பையிலிருந்து அந்த நோட்டை எடுத்தார். பக்கத்தைப் புரட்டி, கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, வாக்குமூலம் வாசிப்பது போல வாசித்தார். "ஓனர், ஹாஃப்."

"ஹாஃப் கப், மேடம். சுகர் பேஷன்ட்."

"செக்யூரிட்டி மாதையன், ஃபுல்."

"ஸ்டாண்டிங் ட்யூட்டி, மேடம்."

"யூ, டபுள்."

"ஐ லைக் டீ, மேடம்," என்றேன். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை, அழுதுவிட்டேன்.

முதலில் சிரித்தது ஜுமாதான். காரின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, வித்தவுட் டேக்கிங் நோ வொர்க் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நீமா அம்மா எவ்வளவோ அடக்கிப் பார்த்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்படி ஆகிவிட்டது. பிறகு என் கையிலிருந்து கப்பை வாங்கி, அங்கேயே நின்று, முழுவதையும் குடித்தார். சர்க்கரை அதிகம் என்றார். எங்கள் ஊரிலும் பால் ஊற்றித்தான் போடுவோம், ஆனால் இஞ்சி இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றார். அப்புறம் என் தோளில் கை வைத்து இங்கிலீஷில் சொன்னதை நான் இன்றைக்கும் தமிழில்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

"இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் என்னிடம் சாய் கேட்டிருக்கிறார்கள், மகளே. நிஜமாகவே டீயைக் கொண்டுவந்தவள் நீ ஒருத்திதான்."

ஃபிளாஸ்க்கில் மீதி இருந்ததை ஜுமாவும் டிரைவரும் காவலாளியும் குடித்தார்கள். சுந்தரத்துக்கு மிஞ்சவில்லை.

அந்த வாரமே எங்கள் பெயர் பட்டியலுக்குத் திரும்பியது. வந்தது பெரிய ஆர்டர் இல்லை, சோதனை ஆர்டர்தான். ஆனால் இரண்டாவது ஷிப்டை இழுத்துப் பிடிக்க அது போதுமாக இருந்தது. சொன்னபடியே சனிக்கிழமை ஓனர் ஷிப்ட்காரர்களைக் கூப்பிட்டுப் பேசினார், ஆனால் ஷிப்டை நிறுத்தப்போவதில்லை என்று சொல்ல. கேரியர்கள் அங்கே ஓர் ஆண்டு மழையையும் கோழிகளையும் தாங்கின. அடுத்த ஆர்டர் கன்டெய்னர் கணக்கில் வந்தது. எங்கள் கம்பெனியில் அன்றிலிருந்து வெளிநாட்டுக்காரர் யார் வந்தாலும் காப்பிதான். ஓனரின் கண்டிப்பான உத்தரவு. கேட் பாஸில் கையெழுத்தை அவரே முன்கூட்டிப் போட்டு வைத்துவிடுவார். எனக்கு ஸ்வாஹிலி பேசத் தடை விதித்தார். அது இன்னும் நீக்கப்படவில்லை.

இரண்டு வருஷம் கழித்து எனக்கும் சுந்தரத்துக்கும் கிருஷ்ணகிரியில் கல்யாணம் நடந்தது. இரண்டாவது ஷிப்டில் மாப்பிள்ளையைத் தவிர மீதி இருபத்தொரு பேரும் கம்பெனி வேனில் வந்து இறங்கினார்கள். எல்லாரும் காசு போட்டு எங்களுக்கு ஐந்து லிட்டர் எவர்சில்வர் டீ டிரம் ஒன்று, குழாய் வைத்தது, வாங்கி வந்திருந்தார்கள். பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிறவரிடம் யார் பெயரையும் வெட்டச் சொல்லவில்லை. "பிலா சாய் ஹகூனா சைனி - இரண்டாம் ஷிப்ட்" என்று வெட்டியிருந்தார்கள். மணவறையில் அதைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். பிறகு முகூர்த்தப் புடவை என்றும் பார்க்காமல் முந்தானையால் மூக்கைச் சிந்தினேன்.

இன்றைக்கும் வீட்டில் நாலு பேர் கூடினால் அந்த டிரம்தான் கூடத்துக்கு வரும். புதிதாக வருகிறவர்கள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, சைனின்னு யாரு, வடநாட்டுச் சொந்தமா என்று கேட்பார்கள். இவர் அதற்காகவே காத்திருப்பார். கதையை முதலிலிருந்து ஆரம்பித்து, என் குரலில் ஹாஃப், ஃபுல், டபுள் எல்லாம் சொல்லிக் காட்டி, கடைசியில் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்வார்.

"அந்தம்மா மட்டும் அன்னைக்கு டீயக் குடிக்காமக் கார்ல ஏறியிருந்தா ஷிப்ட நிப்பாட்டியிருப்பாங்க. நானும் திண்டுக்கல் பஸ் ஏறித் தப்பிச்சிருப்பேன். தான்சானியாக்காரங்க நம்மளக் கெடுத்துட்டாங்க."

எல்லாரும் சிரிப்பார்கள், நானும்தான். பிறகு குழாயைத் திறந்து ஒவ்வொருவருக்காக ஊற்றிக்கொண்டு வருவேன். இவர் முறை வரும்போது மட்டும் ஹாஃப்.